பெட்ரோல் போக மீதி எல்லாம் லாபமா?

வாகனக் கேள்வி - பதில்

வடபழனியில் 22 வருடமாக டூ வீலர் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். 2020 ஊரடங்கில் கடையை மூட வேண்டி வந்தது. அந்த ஆகஸ்டிலிருந்து மறு வருடம் நவம்பர் வரை 15 மாதம், என் ஸ்கூட்டரிலேயே உணவு டெலிவரி ஓட்டினேன். தினமும் மீட்டரில் இருந்த எண்ணையும் செலவையும் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். இன்றைக்கு என் கடைக்கு வரும் வண்டிகளில் பெரும்பகுதி டெலிவரி வண்டிகள். அதனால் இந்த இதழில் அந்தப் பிள்ளைகளின் கடிதங்களுக்கு மட்டுமே பதில்.

*

“அண்ணா, எனக்கு வயது 24. 110 சிசி ஸ்கூட்டரில் முழுநேர டெலிவரி. ஒரு நாளைக்கு 11 மணி நேரம், மாதம் 26 நாள். போன மாதம் இன்சென்டிவ் எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் வந்தது. பெட்ரோல் 7,500, வண்டி டியூ 4,100. மீதி 16,400 கையில் இருக்க வேண்டும். இருப்பதே இல்லை. எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. பணம் எங்கே போகிறது?” — கொளத்தூர் வாசகர்

தம்பி, பணம் வண்டிக்குள் போகிறது. உங்கள் கடிதத்தில் மணிக்கணக்கு இருக்கிறது, ரூபாய்க் கணக்கு இருக்கிறது. மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பது மட்டும் இல்லை. வண்டி மணி பார்த்துத் தேய்வதில்லை, கிலோமீட்டர் பார்த்துத்தான் தேய்கிறது.

நானே பின்னாலிருந்து கணக்குப் போட்டேன். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 7,500 ரூபாய்க்கு 74 லிட்டர். சிக்னலில் நின்று, ஹோட்டல் வாசலில் நின்று, சந்து சந்தாக நுழைந்து ஓடும் ஸ்கூட்டர் லிட்டருக்கு 42 கொடுத்தாலே பெரிது. அப்படியானால் மாதம் சுமார் 3,100 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். ஆபீசுக்குத் தினம் 20 கிலோமீட்டர் போய் வருகிறவர் ஒரு வருடம் முழுக்க ஓட்டுவது 6,000. அவருடைய ஒரு வருடத்தை நீங்கள் இரண்டு மாதத்தில் ஓட்டி முடிக்கிறீர்கள்.

இனி தேய்மானத்துக்கு வருவோம். இவை என் கடையில் நான் வாங்கும், என் நோட்டில் நான் எழுதிய விலைகள். டெலிவரி ஓட்டத்துக்கு 2,500 கிலோமீட்டருக்கு ஒரு முறை இன்ஜின் ஆயில் மாற்றச் சொல்வேன், 400 ரூபாய். கிலோமீட்டருக்கு 16 பைசா விழுகிறது. பின் டயர் 12,000, முன் டயர் 18,000 கிலோமீட்டர் தாங்கினால் அதில் 20 பைசா. பிரேக் ஷூ 7 பைசா. 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஏர் ஃபில்டர், பிளக், லேபர் எல்லாமாக 900 ரூபாய் என்றால் 18 பைசா. பேட்டரி 2 பைசா. பேரிங், கோன் செட், ஷாக் அப்சார்பர், கேபிள் என்று 25,000 கிலோமீட்டருக்குள் ஒரு 3,000 ரூபாய் நிச்சயம் போகும், அது 12 பைசா. 65,000 கிலோமீட்டர் பக்கம் இன்ஜினைப் பிரித்துச் செய்யும் போர், பிஸ்டன், ரிங் வேலை வந்து நிற்கும், அதற்கு 14 பைசா.

பெல்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பைக்கின் செயின் சத்தம் போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். இன்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஸ்கூட்டர் பெல்ட்டோ மூடிக்குள் இருப்பதால் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. 2021 பிப்ரவரியில் ஓர் இரவு, 11 மணி இருக்கும், கத்திப்பாரா மேம்பாலம் ஏறிக்கொண்டிருந்தேன். பையில் இரண்டு பிரியாணி பார்சல். திடீரென்று இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பெல்ட் அறுந்துவிட்டது. 27,000 கிலோமீட்டர் ஓடியிருந்த பெல்ட் அது. ஏற்றத்தில் ஒரு நடுக்கம் இருந்ததை ஒரு வாரமாக உணர்ந்திருந்தேன், இன்சென்டிவ் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். அன்றைக்கு அந்த ஆர்டர் போனது, கிண்டி வரை வண்டியைத் தள்ளினேன், மறுநாள் வேலை இல்லை, அந்த வாரத்து இன்சென்டிவும் கைவிட்டுப் போயிற்று. பெல்ட்டும் ரோலரும் அன்றைய விலையில் 1,500 ரூபாய்க்குள்தான். ஏற்றத்தில் வண்டி நடுங்கினாலோ, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் சத்தம் முதலில் வந்து வேகம் பிறகு வந்தாலோ, அன்றைக்கே மூடியைக் கழற்றிப் பாருங்கள். பெல்ட், ரோலர், கிளட்ச் ஷூ மூன்றையும் சேர்த்து 24,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை 4,000 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு 17 பைசாவுக்குள் இந்தத் துன்பம் முழுவதும் தீர்ந்துவிடும்.

எல்லாவற்றையும் கூட்டினால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 6 பைசா. உங்கள் ஓட்டத்துக்கு மாதம் 3,286. ஒரே மாதத்தில் மொத்தமாக வராது. ஒரு மாதம் 400, இன்னொரு மாதம் 6,000 என்று வரும். அதனால்தான் அது கணக்கில் ஏறாமல், ‘இந்த மாதம் வண்டி செலவு வைத்துவிட்டது’ என்று மறந்துபோகிறது. இன்சூரன்சுக்கு மாதம் 150, பஞ்சர், பார்க்கிங் மாதிரிச் சில்லறைக்கு 300 சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி, வண்டியின் விலை. உங்கள் டியூவை வைத்துப் பார்த்தால் லட்சம் ரூபாய் வண்டிக்கு 20,000 முன்பணம், 80,000 கடன், 24 மாதத் தவணையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் வட்டி மட்டும் 18,400. இரண்டரை வருடத்தில் அந்த வண்டி 93,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். இன்சூரன்ஸ்காரர்கள் வண்டியின் மதிப்பைக் குறைப்பது வயதை மட்டும் வைத்து. இரண்டு முதல் மூன்று வருடம் ஆன வண்டிக்கு 30 சதவீதம் கழிப்பார்கள், அவ்வளவுதான். பழைய வண்டி வாங்குகிறவர் அப்படிப் பார்ப்பதில்லை. குனிந்து மீட்டரைப் பார்ப்பார், சீட்டின் பின்புறம் பை உரசிய தடத்தைப் பார்ப்பார், 28,000 சொல்வார். அந்தத் தடத்தை எந்த பாலிஷும் மறைக்காது. ஆக 72,000 ரூபாய் மதிப்பும் 18,400 வட்டியும் சேர்ந்து 90,400 ரூபாய் 30 மாதத்தில் கரைகிறது. மாதத்துக்கு 3,013.

இப்போது கூட்டுங்கள். பெட்ரோல் 7,500, தேய்மானச் செலவு 3,286, இன்சூரன்ஸ் 150, சில்லறை 300, வண்டியின் கரைசல் 3,013. மொத்தம் 14,249. கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 60 பைசா. அதில் பெட்ரோல் பாதிக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். 28,000-இல் உங்கள் உழைப்புக்கு நிற்பது 13,751. அதை 286 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 48 ரூபாய். இதை எழுதும்போது எனக்கே வலிக்கிறது. ஆனால் 16,400 என்று நம்பி நீங்கள் வீட்டு வாடகையும் சீட்டுப் பணமும் முடிவு செய்வதைவிட, உண்மையான எண்ணைத் தெரிந்து முடிவு செய்வது நல்லது.

நாளையிலிருந்து தினமும் 150 ரூபாயை வண்டிக்கென்று எடுத்து வையுங்கள். வீட்டுச் செலவுப் பணத்தோடு கலக்காத இடத்தில் இருக்கட்டும். டியூ முடிகிற மாதம் யாரும் கேட்க மாட்டார்கள், அப்போதும் அந்த 4,100-ஐ நிறுத்தாமல் அதே இடத்தில் போட்டு வாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அடுத்த வண்டியை வட்டி இல்லாமல் எடுக்க முடிந்தால் அந்த 18,400 உங்களுடையது.

*

“என் கணவர் டெலிவரி வேலை பார்க்கிறார். ஆப்பில் ஒரு நாளைக்கு 68 கிலோமீட்டர் காட்டுகிறது. வண்டி மீட்டரில் 118 ஏறியிருக்கிறது. கேட்டால், வேலைக்குத்தான் போனேன் என்கிறார். 50 கிலோமீட்டர் எங்கே போயிருக்கும்? இதனால் வீட்டில் தினம் சண்டை.” — வேளச்சேரி வாசகி

அம்மா, உங்கள் கணவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். சண்டையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஆப் எண்ணுவது ஆர்டர் கையில் இருக்கும் தூரத்தை. வீட்டிலிருந்து ஹோட்டல்கள் நிறைந்த இடத்துக்குப் போவது, பெருங்குடி உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெறும் பையோடு திரும்புவது, ஓஎம்ஆரில் எதிர்ப்பக்கக் கட்டடத்துக்கு யூ டர்ன் வரை போய் வருவது, ராத்திரி வீடு திரும்புவது எல்லாம் அதில் சேராது. என் நோட்டில் 15 மாதமும் மீட்டர் 100 காட்டினால் ஆப் 60-ஐ ஒட்டித்தான் காட்டியது. மீதி 40-க்கு யாரும் காசு தரவில்லை. பெட்ரோலும் டயரும் மட்டும் அதற்கும் செலவானது.

நீங்கள் கணக்கில் கெட்டிக்காரர் என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஒரு வாரம் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு ஆர்டருக்கும் முழுத் தூரத்தையும் எழுதுங்கள். 30 ரூபாய் ஆர்டர் ஒன்று. ஹோட்டலுக்கு 2 கிலோமீட்டர், வாடிக்கையாளர் வீட்டுக்கு 4, திரும்பி வர 3. ஆக 9. மேலே சொன்ன 4 ரூபாய் 60 பைசாவால் பெருக்கினால் செலவு 41 ரூபாய். வெயிலில் போய், படி ஏறி, 11 ரூபாய் நட்டப்பட்டு வந்திருக்கிறார். எந்தெந்தப் பகுதிக்குப் போனால் திரும்பும்போது ஆர்டர் கிடைப்பதில்லை என்பது இரண்டே வாரத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த ஆர்டர்களை மறுத்தால் இன்சென்டிவ் எவ்வளவு குறையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சில நாள் மறுப்பது லாபம், சில நாள் எடுப்பது லாபம். எழுதிப் பார்க்காமல் அது தெரியாது.

*

“மழைக்காலத்தில் ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய் கூடுதலாகத் தருகிறார்கள். மழையில்தான் நல்ல வருமானம். ஆனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வண்டி மக்கர் செய்கிறது. ஓட்டலாமா, வேண்டாமா?” — மடிப்பாக்கம் வாசகர்

மழையில் ஓட்டலாம். தேங்கிய தண்ணீரில் ஓட்டக் கூடாது. இரண்டும் வேறு வேறு.

2021 நவம்பர் மழையில் நானும் அந்தக் கூடுதல் காசுக்காக ஓட்டினேன். ஒரே நாளில் 14 ஆர்டர், 280 ரூபாய் அதிகம் கிடைத்தது. தண்ணீர் முழங்காலுக்கு இருந்த ஒரு தெருவில் இன்ஜின் நின்றுவிட்டது. அடுத்த நாள் ஆயிலை இறக்கிப் பார்த்தால் பால் விட்ட டீயின் நிறம். தண்ணீர் கலந்த ஆயில் வழவழப்பை இழந்துவிடும், அதோடு ஓட்டினால் உள்ளே எல்லாமே அரைபடும். ஆயிலை இரண்டு முறை மாற்றி, பெல்ட் பெட்டியைக் கழற்றித் துடைத்து, பிரேக் ஷூ, சக்கர பேரிங் மாற்றி முடிக்க ஸ்பேருக்கு மட்டும் 1,900 ரூபாய். அந்த வேலைக்கு லேபர் நான் யாருக்கும் தரவில்லை. உங்களுக்கு அதுவும் சேரும்.

ஆகவே சைலன்சர் முனைக்குத் தண்ணீர் எட்டும் என்று தெரிந்தால் அந்தத் தெருவுக்குள் நுழையாதீர்கள். உணவை எடுத்துக்கொண்டு நடந்து போங்கள், அல்லது வாடிக்கையாளரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் தெருமுனைக்கு வருவார்கள். தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் செல்ஃப் ஸ்டார்ட்டை அழுத்தவே அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்து, பிஸ்டன் அதை அமுக்கப் பார்த்தால் கனெக்டிங் ராடு வளையும். அப்புறம் 10,000-க்கு மேல் போய்விடும். தள்ளிக்கொண்டு வாருங்கள், பிளக்கைக் கழற்றிவிட்டுப் பார்ப்போம்.

*

“என் தம்பி டெலிவரி போகும்போது விழுந்து வண்டி முன்பக்கம் நொறுங்கிவிட்டது. ஃபுல் கவர் இன்சூரன்ஸ் இருக்கிறது. சேதத்தைப் பார்க்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயர், ‘பையோடு போனாரா?’ என்று கேட்டார். ஏன் அப்படிக் கேட்கிறார்? பணம் வருமா?” — ஸ்ரீரங்கம் வாசகி

தம்பிக்குப் பெரிய அடி இல்லை என்று எழுதியிருந்தீர்கள், அது நிம்மதி.

பாலிசி தாளை எடுத்துப் பாருங்கள். வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற இடத்தில் ஒரு வரி இருக்கும். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவதும், சொந்தச் சாமான் தவிர மற்ற சரக்கு ஏற்றுவதும் இதில் சேராது என்று. சொந்த உபயோக டூ வீலருக்கு எழுதப்படும் வழக்கமான பாலிசியில் இந்த வரி உண்டு. டெலிவரிப் பை அந்த வரிக்குள் வருகிறது என்று சொல்லித்தான் வண்டிச் சேதத்துக்கான பணத்தை மறுக்கிறார்கள். அதனால்தான் அந்தக் கேள்வி. பொய் சொல்லச் சொல்லி உங்களுக்கு யோசனை தர மாட்டேன். ஆர்டர் போன நேரம் ஆப்பில் பதிவாகியிருக்கும், பொய் தெரிந்தால் மொத்த கிளைமும் போகும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முறையிடுவதற்கு இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார், அங்கே கட்டணம் கிடையாது.

வேலை கொடுக்கும் நிறுவனத்தின் ஆப்பில் விபத்துக் காப்பீடு என்று ஒன்று இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். அது ஆளுக்கு, ஆஸ்பத்திரிக்கு. வண்டிக்கு அல்ல. தம்பியின் பாலிசியில் வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டி அப்பா பெயரில் இருந்தால் அது தம்பிக்குப் பயன்படாது. பல வீடுகளில் இந்தத் தப்பு நடக்கிறது.

வேலைக்குச் சேரும் முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, டெலிவரிக்கு ஓட்டுகிறேன், அதற்கு எந்த பாலிசி, எவ்வளவு பிரீமியம் என்று கேட்டுப் பதிலைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தால் அதுவும் இந்த வேலையின் செலவுதான், மறைத்து வைத்தால் ஒருநாள் மொத்தமாக வரும்.

*

“எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. வாரம் 1,600 ரூபாய், பேட்டரி மாற்றித் தருவதும் அதிலேயே அடக்கம். பெட்ரோல் வண்டியை விற்றுவிட்டு இதற்கு மாறலாமா?” — கோவை வாசகர்

வாரம் எத்தனை கிலோமீட்டர் என்று நீங்களும் எழுதவில்லை! கொளத்தூர் தம்பியின் கணக்கை வைத்தே சொல்கிறேன். 1,600-ஐ 4 ரூபாய் 60 பைசாவால் வகுத்தால் சுமார் 350 கிலோமீட்டர் வரும். வாரம் அதற்கு மேல் ஓட்டுகிறவருக்கு வாடகை லாபம். 600 ஓட்டினால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 67 பைசாதான் ஆகிறது, டயர் தேய்ந்தாலும் அவர்கள் பாடு. வாரம் 200 ஓட்டும் பகுதிநேரக்காரருக்கு இது நட்டம்.

காய்ச்சலில் நான்கு நாள் படுத்தாலும் வாடகை ஓடும். பேட்டரி மாற்றும் இடம் நீங்கள் ஓட்டும் பகுதியில் இருக்கிறதா, இரவு 9 மணிக்கு அங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று ஏற்கெனவே ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள். வண்டியை எடுக்கும் அன்றே நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள், கீறலுக்கு அட்வான்ஸில் பிடிப்பார்கள். லைசென்ஸ், பதிவு எதுவும் தேவையில்லாத வண்டி என்றால் அது 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. அவிநாசி ரோட்டில் அந்த வேகத்தில் ஒரு நாளைக்கு நான்கைந்து ஆர்டர் குறையலாம்.

சொந்தமாகவே எலெக்ட்ரிக் வண்டி எடுக்கும் எண்ணம் இருந்தால், வீட்டில் சார்ஜ் போட முடிகிறவருக்குக் கிலோமீட்டருக்கு 20 பைசா அளவில்தான் மின்செலவு. பெட்ரோலோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய விடுதலை! ஆனால் பேட்டரி வாரன்டியில் வணிக உபயோகம் சேருமா என்று படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில், உங்களைப் போன்ற டெலிவரிக்காரர்களும் சேரும் இணையம் சார்ந்த சேவைத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்த 2,000 பேருக்குப் புதிய இ-ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். மானியம் கிடைக்கிறதோ இல்லையோ, வாரியத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். பதியாதவருக்கு எதுவும் கிடைக்காது. பெட்ரோல் வண்டியை விற்பதை ஒரு மாதம் வாடகையில் ஓட்டிப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

*

“கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சனி, ஞாயிறு மாலை மட்டும் அப்பா ஸ்கூட்டரில் டெலிவரி போகிறேன். பெட்ரோல் நானே போட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு ஒரு பைசா செலவில்லை. இருந்தும் வண்டியைக் கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்.” — மதுரை வாசகர்

தம்பி, இந்தப் பகுதியை முதலிலிருந்து ஒருமுறை படியுங்கள். பெட்ரோல் போக மீதியெல்லாம் அப்பாவின் வண்டியிலிருந்துதான் போகிறது. டயர் அவருடையது, பெல்ட் அவருடையது, வண்டியின் விலையும் அவருடையது. கிலோமீட்டருக்கு 2 ரூபாய் என்று போடுங்கள். இரண்டு நாளில் 120 கிலோமீட்டர் என்றால் 240 ரூபாய். இந்த ஞாயிறு ராத்திரி வீட்டுக்குப் போனதும் அதை அவர் கையில் கொடுங்கள். வாங்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அப்போது அடுத்த ஆயில் சர்வீசுக்கு வண்டியை நீங்களே எடுத்துப் போய்ப் பில் கட்டிவிட்டு வாருங்கள்.